படம் ஓடுகிறது, மங்குகிறது, மறைகிறது: வேர்டு டாக்குமென்ட்டில் படத் தொல்லைகளைத் தீர்க்கும் வழி

எழுத்து மட்டும் உள்ள டாக்குமென்ட் யாரையும் அழவைப்பதில்லை. நாற்பது பக்க அறிக்கையில் பன்னிரண்டு படங்களைச் சேர்த்த பிறகுதான் ராத்திரி பதினொரு மணிக்கு போன் வரும். ஆய்வேடு, புத்தகம், ஆண்டறிக்கை என்று மற்றவர்களின் டாக்குமென்ட்களைச் சரிசெய்து கொடுப்பது என் பிழைப்பு. வருகிற புகார்கள் விதவிதமாகத் தோன்றினாலும் பெரும்பாலானவை இரண்டே இடத்தில் போய் முட்டும். ஒன்று, படம் வரிக்குள் உட்கார்ந்திருக்கிறதா, மிதக்கிறதா என்பது. மற்றொன்று, அதில் எத்தனை பிக்சல் (படத்தை உருவாக்கும் நிறப்புள்ளி) இருக்கிறது என்பது.

உங்கள் புகார் எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். மெனு பெயர்களை ஆங்கிலத் திரையில் இருக்கிறபடியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். வேர்டை வைத்துத்தான் சொல்கிறேன். இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் வழி மாறினால் அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

ஒரு வரி சேர்த்தால் படம் வேறு எங்கோ ஓடிவிடுகிறது

எனக்கு வருவதில் பாதி இந்தப் புகார்தான்.

வேர்டில் படம் இரண்டு விதமாக இருக்கலாம். வரிக்குள் ஓர் எழுத்தைப்போல உட்கார்ந்திருக்கலாம். 'அ' என்ற எழுத்தைப் பத்து சென்டிமீட்டர் உயரத்துக்குப் பெரிதாக்கினால் எப்படி இருக்குமோ, அப்படி. அதற்கு முன்னால் கர்சரை வைத்து என்டர் தட்டினால் கீழே இறங்கும், பேக்ஸ்பேஸ் தட்டினால் மேலே ஏறும். இல்லாவிட்டால் அது மிதக்கும் படம். எழுத்து அதைச் சுற்றிக்கொண்டோ, அதன் மேலேயோ, அடியிலேயோ ஓடும். மிதக்கும் படத்தை ஏதாவது ஒரு பத்தியோடு கயிறு போட்டுக் கட்டியிருப்பார்கள். படத்தைக் கிளிக் செய்தால் பக்க ஓரத்தில் சின்ன நங்கூரம் தெரிகிறதே, அதுதான் அந்தக் கயிற்றின் முடிச்சு. அந்தப் பத்தி அடுத்த பக்கம் போனால் படமும் பின்னாலேயே போகும். பத்தியை அழித்தால் படமும் சேர்ந்து அழியும். "நான் படத்தைத் தொடவே இல்லை, தானாகக் காணாமல் போய்விட்டது" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் அழித்தது பத்தியை.

தீர்வு: படத்தைக் கிளிக் செய்து, மூலையில் வரும் 'லேஅவுட் ஆப்ஷன்ஸ்' பொத்தானை அழுத்தி, முதலில் இருக்கும் 'இன் லைன் வித் டெக்ஸ்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். படத்துக்கென்று தனிப் பத்தி ஒன்றை ஒதுக்கி, நடுவில் நிறுத்துங்கள். இனிமேல் சேர்க்கும் படங்களும் அப்படியே வர வேண்டுமானால் 'ஃபைல் > ஆப்ஷன்ஸ் > அட்வான்ஸ்டு' பகுதியில் 'இன்சர்ட்/பேஸ்ட் பிக்சர்ஸ் அஸ்' என்ற இடத்தில் 'இன் லைன் வித் டெக்ஸ்ட்' இருக்கிறதா என்று பாருங்கள். யாராவது மாற்றி வைத்திருப்பார்கள்.

நடுவில் நிறுத்திய படம் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி நிற்கிறதா? பத்தியின் முதல் வரிக்கு இடம்விடும் 'ஃபர்ஸ்ட் லைன்' இன்டென்ட் அதற்கும் பொருந்தியிருக்கும். எழுத்தைப்போல இருப்பதால் எழுத்துக்கான சட்டங்கள் எல்லாம் அதற்கும் உண்டு. இன்டென்ட்டைப் பூஜ்யமாக்குங்கள்.

மிதக்கவிட வேண்டிய படங்களும் இருக்கின்றன. பத்தியின் ஓரத்தில் வைக்கும் சின்ன முகப்படம், முகவரித்தாளின் சின்னம் போன்றவை. அவற்றுக்கு நங்கூரத்தைப் பிடித்து இழுத்து, எந்தப் பத்தியைப் பற்றிய படமோ அதன் அருகில் விடுங்கள். 'மோர் லேஅவுட் ஆப்ஷன்ஸ்' உள்ளே 'லாக் ஆங்கர்' போடுங்கள். 'ஃபிக்ஸ் பொசிஷன் ஆன் பேஜ்' என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஏழாம் பக்கத்திலேயே ஆணி அடித்து வைக்கும் வசதி இல்லை அது. நங்கூரம் கட்டிய பத்தி எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ, அந்தப் பக்கத்தின் இந்த இடத்தில் நில் என்று மட்டும்தான் அது சொல்லும். பத்தி எட்டாம் பக்கம் போனால் படமும் எட்டாம் பக்கம்தான்.

இரண்டு படங்கள் அக்கம்பக்கமாக வேண்டுமென்றால் மிதக்கவிட்டு மல்லுக்கட்டாதீர்கள். ஒரு கிடைவரிசை, இரண்டு நெடுவரிசை கொண்ட அட்டவணை போட்டு, கோடுகளை நீக்கிவிட்டு, கட்டத்துக்கு ஒன்றாக வையுங்கள். படம் வைத்ததும் கட்டம் உப்பிக்கொண்டால் 'டேபிள் ப்ராப்பர்ட்டீஸ் > ஆப்ஷன்ஸ்' உள்ளே 'ஆட்டோமேட்டிக்கலி ரீசைஸ் டு ஃபிட் கன்டென்ட்ஸ்' டிக்கை எடுத்துவிடுங்கள்.

வரிக்குள் வைத்தால் ஒரு குறை உண்டு, மறைக்கவில்லை. பக்கத்தில் மீதி இடம் போதாவிட்டால் படம் முழுசாக அடுத்த பக்கம் போய்விடும், கீழே வெள்ளையாகக் காலியிடம் தெரியும். படத்தை ஒரு சென்டிமீட்டர் சுருக்குங்கள், அல்லது அடுத்த பத்தியை மேலே கொண்டுவந்து இடத்தை நிரப்புங்கள். இந்த வேலையைக் கடைசியில், எழுத்தெல்லாம் முடிந்த பிறகு செய்வதே புத்திசாலித்தனம்.

படத்தில் ஒரு கீற்று மட்டும் தெரிகிறது

படத்தைச் சேர்த்திருக்கிறீர்கள், ஆனால் ஒரு வரி உயரத்துக்கு அதன் அடிப்பகுதி மட்டும் எட்டிப் பார்க்கிறது. ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து வேர்டையே அழித்துவிட்டு மறுபடி நிறுவிய ஒருவரை எனக்குத் தெரியும். காரணம் வரி இடைவெளிதான்.

'லைன் ஸ்பேசிங்' என்பதில் 'எக்ஸாக்ட்லி 18 பாயின்ட்' என்று வைத்திருப்பீர்கள். தமிழ் எழுத்துருவும் ஆங்கில எழுத்துருவும் கலந்து வந்தால் வரிகள் ஏறி இறங்கித் தெரியும். அதை அடக்க நம்மவர்கள் வழக்கமாகச் செய்யும் வேலை இது. படம் ஒரு பெரிய எழுத்து என்று சொன்னேன் இல்லையா? 18 பாயின்ட்டுக்கு மேல் ஒரு நூல்கூட ஏறாதே என்று வரிக்குச் சொல்லிவிட்டதால், படத்தின் மீதி உடம்பை வேர்டு வெட்டிக் காட்டுகிறது.

படம் இருக்கும் பத்தியில் கர்சரை வைத்து கண்ட்ரோல் + 1 அழுத்துங்கள். இடைவெளி 'சிங்கிள்' ஆகிவிடும், முழுப் படமும் எழுந்து நிற்கும். பல படங்கள் இருந்தால் 'படம்' என்ற பெயரில் ஒரு ஸ்டைல் செய்துகொள்ளுங்கள்: இடைவெளி சிங்கிள், இன்டென்ட் இல்லை, நடுவில், 'கீப் வித் நெக்ஸ்ட்' டிக். படம் சேர்க்கும்போதெல்லாம் அந்த ஸ்டைலைத் தட்டினால் போதும், இந்தப் பட்டியலில் உள்ள நான்கைந்து தொல்லைகள் வரவே வராது.

திரையில் நன்றாக இருக்கிறது, அச்சில் மங்கலாக வருகிறது

இதற்கு மட்டும் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். ஒரேயொரு வகுத்தல், பயப்பட வேண்டாம்.

ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. இரண்டு பக்கமும் 2.54 செ.மீ. ஓரம் விட்டால் எழுத்து ஓடும் அகலம் ஏறக்குறைய 16 செ.மீ., அதாவது 6.3 அங்குலம். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது வழக்கம். அலுவலக பிரின்டருக்கு 200 இருந்தாலும் பார்க்கும்படி இருக்கும். ஆக, பக்கம் முழுக்க அகலமாக வைக்கும் படத்துக்கு 6.3 × 300, அதாவது ஏறக்குறைய 1,900 பிக்சல் அகலம் வேண்டும். உங்களிடம் இருப்பது இணையத்திலிருந்து எடுத்த 640 பிக்சல் படம் என்றால் 640-ஐ 6.3-ஆல் வகுங்கள். அங்குலத்துக்கு 100 பிக்சல்தான் தேறும். அதைக் கூர்மையாக அச்சிட வேண்டுமானால் 5.4 செ.மீ. அகலத்துக்கு மேல் பெரிதாக்கக் கூடாது.

திரையில் நன்றாகத் தெரிந்ததே என்பீர்கள். சாதாரண மானிட்டர் அங்குலத்துக்கு 100 பிக்சல் அளவில்தான் காட்டும். அதற்கு 640 போதும், தாளுக்குப் போதாது.

ஃபோட்டோவை எடிட்டரில் திறந்து ரெசல்யூஷன் 72 என்று இருந்ததை 300 என்று மாற்றிவிட்டேன் என்பார்கள் சிலர். அந்த எண் ஒரு லேபிள் மட்டும்தான். பிக்சல் எண்ணிக்கை கூடாமல் லேபிளை மாற்றினால் எதுவும் கூர்மையாகாது. எண்ணிக்கையையும் சேர்த்துக் கூட்டினாலோ, எடிட்டர் இல்லாத விவரத்தை ஊகித்து நிரப்புகிறது. கூழாகத்தான் வரும்.

நல்ல படத்தையே வேர்டு கெடுக்கும் சந்தர்ப்பமும் இருக்கிறது. சேமிக்கும்போது படங்களைச் சுருக்கும் பழக்கம் அதற்கு உண்டு. பல பதிப்புகளில் அங்குலத்துக்கு 220 பிக்சல் என்பது இயல்பான அமைப்பு. எந்த அளவில் படம் பக்கத்தில் தெரிகிறதோ, அந்த அளவை வைத்து அது கணக்குப் பார்க்கும். சிக்கல் எங்கே என்றால்: 4,000 பிக்சல் அகலமுள்ள போன் படத்தைத் தற்காலிகமாக 4 செ.மீ. அகலத்துக்குச் சுருக்கி ஓரமாக வைத்துவிட்டுச் சேமிக்கிறீர்கள். வேர்டு அதை 350 பிக்சலுக்கு அருகில் கொண்டுவந்துவிடும். மறுநாள் திறந்து 16 செ.மீ.க்கு இழுத்தால் அங்குலத்துக்கு 55 பிக்சல். ஒரிஜினல் டாக்குமென்ட்டுக்குள் இல்லவே இல்லை, 'ரீசெட் பிக்சர்' அழுத்தினாலும் வராது.

எனவே வேலையைத் தொடங்கும் முன்பே 'ஃபைல் > ஆப்ஷன்ஸ் > அட்வான்ஸ்டு > இமேஜ் சைஸ் அண்ட் குவாலிட்டி' போய் 'டு நாட் கம்ப்ரெஸ் இமேஜஸ் இன் ஃபைல்' டிக் போடுங்கள். அந்த அமைப்பு திறந்திருக்கும் டாக்குமென்ட்டுக்கு மட்டும்தான். பக்கத்திலுள்ள பெட்டியில் 'ஆல் நியூ டாக்குமென்ட்ஸ்' தேர்ந்தெடுத்து டிக் போட்டால் இனி உருவாக்குபவற்றுக்குப் பொருந்தும். ஒரிஜினல் படங்களைத் தனி ஃபோல்டரில் வைத்திருப்பதை நான் கிட்டத்தட்ட மிரட்டியே கேட்டுக்கொள்கிறேன்.

இன்னும் இரண்டு இடங்களில் தரம் கசியும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும். டாக்குமென்ட் என்ற வகையில் இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். பிடிஎஃப் ஆக்கும்போது வேர்டில் 'மினிமம் சைஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் படங்கள் மறுபடி சுருங்கும், 'ஸ்டாண்டர்டு' போதும். ரைட்டரின் பிடிஎஃப் பெட்டியில் 'ரெட்யூஸ் இமேஜ் ரெசல்யூஷன்' எண்ணைப் பாருங்கள், 300-க்குக் கீழே போயிருந்தால் ஏற்றிவிடுங்கள்.

ஸ்கிரீன்ஷாட்டில் எழுத்தைச் சுற்றி அழுக்காகப் புள்ளிகள்

ஜேபெக் (JPEG, ஜேபிஜி) என்ற படச் சுருக்க முறையின் வேலை இது. 1992-இல் தரமாக வந்த அந்த முறை ஃபோட்டோவுக்காக உருவானது. வானம், முகம், இலை போன்று நிறம் மெல்ல மாறும் இடங்களில் கண்ணுக்குத் தெரியாத விவரத்தைத் தூக்கி எறிந்து ஃபைலைச் சின்னதாக்கும். வெள்ளையில் கறுப்பு எழுத்து என்று நிறம் சட்டென்று மாறும் இடத்தில் அதற்குத் தடுமாற்றம். 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால் எழுத்தின் ஓரத்தில் தூசி படிந்ததுபோல் தெரியும். தமிழில் இதன் விளைவு சிரிப்பதா அழுவதா என்று தெரியாது: சின்ன எழுத்தில் முதலில் பலியாவது புள்ளி. 'க்' தேய்ந்து 'க' ஆகிவிடும். ஒரு பயிற்சிக் கையேட்டில் 'பக்கம்' என்பது 'பககம' என்று அச்சாகி வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

எழுத்து, கோடு, வரைபடம், திரைப்பிடிப்பு எல்லாவற்றுக்கும், விவரத்தைத் தூக்கி எறியாமல் சேமிக்கும் பிஎன்ஜி (PNG) வடிவம். ஃபோட்டோவுக்கு ஜேபெக். ஒருமுறை ஜேபெக் ஆனதைப் பிஎன்ஜியாக மாற்றிச் சேமித்தால் அழுக்கு போகாது, அழுக்கைப் பத்திரமாகப் பாதுகாத்ததாக ஆகும். மறுபடி பிடிக்க வேண்டும். பிடிக்கும்போது முழுத் திரையையும் பிடித்து வெட்டுவதைவிட, விண்டோஸ் + ஷிஃப்ட் + எஸ் அழுத்தித் தேவையான பகுதியை மட்டும் எடுங்கள். அதற்கு முன் அந்த விண்டோவில் எழுத்தை 150 சதவீதத்துக்குப் பெரிதாக்கிக்கொண்டால் அச்சில் வித்தியாசம் தெரியும்.

நிறுவனச் சின்னம் எஸ்விஜி வடிவில் கிடைத்தால் அதையே கேளுங்கள். புதிய வேர்டும் ரைட்டரும் அதை ஏற்கும். எவ்வளவு இழுத்தாலும் ஓரம் உடையாது.

டாக்குமென்ட் 90 எம்பி, மெயிலில் போகவில்லை

முதலில் எந்தப் படம் குண்டு என்று கண்டுபிடியுங்கள். டாக்குமென்ட்டை ஒரு பிரதி எடுத்து, அதன் பெயரின் கடைசியில் உள்ள 'டாக்எக்ஸ்' என்ற பகுதியை 'ஜிப்' என்று மாற்றித் திறங்கள். 2007 முதல் வேர்டு ஃபைல் என்பது உள்ளுக்குள் ஒரு ஜிப் பொட்டலம்தான். உள்ளே 'வேர்டு' ஃபோல்டர், அதற்குள் 'மீடியா' ஃபோல்டர். எல்லாப் படங்களும் அங்கே தனித்தனி ஃபைலாக இருக்கும். அளவுப்படி அடுக்கிப் பாருங்கள், குற்றவாளி மேலேயே நிற்பார். ரைட்டர் தன் டாக்குமென்ட்டைச் சேமிக்கும் ஓடிடி (ODT) ஃபைலிலும் இதே வித்தைதான், ஃபோல்டர் பெயர் 'பிக்சர்ஸ்'. ஒரிஜினலைத் தொலைத்துவிட்டவர்கள் படத்தை மீட்டெடுக்கவும் இதுவே வழி.

பெரும்பாலும் குற்றவாளி ஜேபெக் ஃபோட்டோவாக இருக்காது. யாரோ பிஎன்ஜியாகச் சேமித்த ஃபோட்டோவாக இருக்கும். அதை ஜேபெக் ஆக்கி மறுபடி சேர்த்தாலே பல எம்பி குறையும். அப்புறம் படத்தைக் கிளிக் செய்து 'பிக்சர் ஃபார்மட் > கம்ப்ரெஸ் பிக்சர்ஸ்'. 'அப்ளை ஒன்லி டு திஸ் பிக்சர்' டிக்கை எடுத்தால் எல்லாப் படங்களுக்கும் பொருந்தும். அச்சுக்கென்றால் 220-க்குக் கீழே போகாதீர்கள், மெயிலில் படிக்க மட்டும் என்றால் 150 போதும். இதையும் ஒரு பிரதியில்தான் செய்ய வேண்டும்.

அந்தப் பெட்டியிலேயே 'டெலீட் கிராப்டு ஏரியாஸ் ஆஃப் பிக்சர்ஸ்' என்று ஒன்று இருக்கும். வேர்டில் படத்தை வெட்டினால் வெட்டிய பகுதி போய்விடுவதில்லை, திரைக்குப் பின்னால் இருக்கும். எடை குறைய மட்டும் சொல்லவில்லை. அடையாள அட்டைப் படத்தில் எண்ணை மறைக்க ஓரத்தை வெட்டி அனுப்புகிறீர்கள். வாங்கியவர் 'கிராப்' பொத்தானை அழுத்தினால் எண் முழுசாகத் தெரியும். மறைக்க வேண்டியதை வேர்டுக்குக் கொண்டுவரும் முன்பே, பெயின்ட் போன்ற எடிட்டரில் வெட்டிவிடுங்கள்.

படம் இருந்த இடத்தில் சிவப்புப் பெருக்கல் குறி, காலிப் பெட்டி, அல்லது புரியாத எழுத்து

மூன்றும் மூன்று நோய்.

சிவப்புக் குறியும் படம் கிடைக்கவில்லை என்ற செய்தியும் வந்தால், படம் டாக்குமென்ட்டுக்குள் வரவில்லை, அதன் முகவரி மட்டும்தான் வந்திருக்கிறது. சேர்க்கும்போது 'இன்சர்ட்' பொத்தானின் அம்புக்குறியில் 'லிங்க் டு ஃபைல்' அழுத்தியிருப்பார்கள். அவர்கள் கணினியில் நன்றாகத் தெரியும், உங்களிடம் தெரியாது. உங்கள் பக்கம் செய்ய ஒன்றுமில்லை, அனுப்பியவர்தான் 'ஃபைல் > இன்ஃபோ > எடிட் லிங்க்ஸ் டு ஃபைல்ஸ்' போய், 'சேவ் பிக்சர் இன் டாக்குமென்ட்' டிக் போட்டு, 'பிரேக் லிங்க்' அழுத்திவிட்டு மறுபடி அனுப்ப வேண்டும்.

காலிப் பெட்டிதான் தெரிகிறது என்றால் 'ஆப்ஷன்ஸ் > அட்வான்ஸ்டு' உள்ளே 'ஷோ பிக்சர் பிளேஸ்ஹோல்டர்ஸ்' டிக்கை எடுங்கள். நெளிவு அடைப்புக்குள் 'இன்க்ளூட்பிக்சர்' என்று தொடங்கும் வரி தெரிந்தால் ஆல்ட் + எஃப்9 அழுத்துங்கள், படம் திரும்பிவிடும். மிதக்கும் படங்கள் மட்டும் காணவில்லையா? 'டிராஃப்ட்' பார்வையில் இருக்கிறீர்கள், 'பிரிண்ட் லேஅவுட்' போங்கள். திரையில் இருந்து அச்சில் மட்டும் வராவிட்டால் 'ஆப்ஷன்ஸ் > டிஸ்ப்ளே' உள்ளே 'பிரிண்ட் டிராயிங்ஸ் கிரியேட்டட் இன் வேர்டு' டிக் இருக்க வேண்டும்.

போன் படத்தைச் சேர்க்கவே முடியவில்லை, சேர்ந்தாலும் படுத்துக்கிடக்கிறது

ஐபோன் 2017 முதல் எச்இஐசி என்ற வடிவில் படத்தைச் சேமிக்கிறது. இணையத்திலிருந்து இறக்குவதில் பல வெப்-பி வடிவில் வரும். பழைய வேர்டு இரண்டையும் வாசலிலேயே நிறுத்திவிடும். ஃபைல் பெயரின் கடைசியை 'ஜேபிஜி' என்று மாற்றிப் பார்க்காதீர்கள், பெயர்ப் பலகையை மாற்றினால் வீட்டுக்குள் ஆள் மாறமாட்டார். பட எடிட்டரில் திறந்து, 'சேவ் அஸ்' கொடுத்து ஜேபெக்காகச் சேமியுங்கள். ஐபோனில் 'செட்டிங்ஸ் > கேமரா > ஃபார்மட்ஸ்' உள்ளே 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' வைத்தால் இனி எடுப்பவை ஜேபெக்காகவே வரும்.

படுத்துக்கிடக்கும் படத்துக்குக் காரணம் வேறு. போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் சென்சார் தன் போக்கில் படுக்கையாகவே பதிவு செய்து, 'திருப்பிக் காட்டு' என்று ஒரு குறிப்பை ஃபைலுக்குள் எழுதி வைக்கும். கேலரி அதைப் படித்து நிமிர்த்திக் காட்டும், படிக்காத மென்பொருள் அப்படியே கிடத்திவிடும். ரைட்டர், படம் திரும்பியிருக்கிறது, நிமிர்த்தவா என்று கேட்கும், ஆம் சொல்லுங்கள். வேர்டில் அப்படி வந்தால் பட எடிட்டரில் திருப்பிச் சேமித்துவிட்டுச் சேருங்கள்.

முகம் நசுங்கிவிட்டது

பக்கவாட்டுக் கைப்பிடியைப் பிடித்து இழுத்திருக்கிறீர்கள். மூலையைத்தான் பிடிக்க வேண்டும். ஏற்கெனவே நசுங்கியதை 'ரீசெட் பிக்சர் அண்ட் சைஸ்' நிமிர்த்தும்.

படத்தைக் கிளிக்கே செய்ய முடியவில்லை

'பிஹைண்ட் டெக்ஸ்ட்' ஆக எழுத்துக்கு அடியில் கிடக்கிறது. ஆல்ட் + எஃப்10 அழுத்தினால் வலப்பக்கம் 'செலக்ஷன்' பட்டியல் வரும், பெயரைக் கிளிக் செய்து பிடியுங்கள். பட்டியலிலும் இல்லை என்றால் ஹெட்டருக்குள் ஒளிந்திருக்கும். பக்கத்தின் மேல் ஓரத்தில் இருமுறை கிளிக் செய்து உள்ளே போங்கள்.

படம் ஒரு பக்கம், அதன் விளக்கம் அடுத்த பக்கம், எண்ணும் தப்பு

'படம் 7' என்று கையால் தட்டியிருந்தால், நடுவில் ஒன்று சேர்த்ததும் எல்லா எண்ணையும் திருத்த வேண்டிவரும். 'ரெஃபரன்சஸ் > இன்சர்ட் கேப்ஷன்' வழியாகச் சேருங்கள். பிறகு கண்ட்ரோல் + ஏ, எஃப்9 அழுத்தினால் எண்கள் வரிசையாகும். ஒன்றிரண்டு மட்டும் அடம்பிடித்தால் அந்தப் படங்கள் மிதக்கின்றன என்று அர்த்தம். மிதக்கும் படத்தின் விளக்கத்தை வேர்டு டெக்ஸ்ட் பாக்ஸில் வைக்கும், கண்ட்ரோல் + ஏ அங்கே எட்டாது. ஒவ்வொன்றாக உள்ளே போய் எஃப்9 அழுத்துங்கள், இல்லாவிட்டால் படத்தை வரிக்குள் கொண்டுவாருங்கள். விளக்கம் பிரிந்து ஓடாமலிருக்கப் படம் உள்ள பத்திக்கு 'கீப் வித் நெக்ஸ்ட்' போடுங்கள். மேலே சொன்ன 'படம்' ஸ்டைலில் அது ஏற்கெனவே இருக்கிறது.

ரைட்டரில் சரியாக இருந்தது, வேர்டில் திறந்தால் சிதறிவிட்டது

ரைட்டரில் படத்தை நங்கூரமிட நான்கு வழிகள்: பக்கத்தோடு, பத்தியோடு, எழுத்தோடு, எழுத்தாகவே. பக்கத்தோடு கட்டுவதற்கு வேர்டில் நேரான இணை கிடையாது, சிதறுவது பெரும்பாலும் அதுதான். படத்தின் மேல் வலது கிளிக் செய்து 'ஆங்கர் > அஸ் கேரக்டர்' வைத்துவிட்டு அனுப்புங்கள். வேலையை ஓடிடியிலேயே வைத்துக்கொண்டு, அனுப்பும்போது மட்டும் டாக்எக்ஸ் பிரதி ஒன்று எடுங்கள். வாங்குபவர் திருத்தப்போவதில்லை, படிக்கத்தான் போகிறார் என்றால் பிடிஎஃப் அனுப்பிவிடுங்கள், போன் வராது.